சொல்லுக்குச் சாட்சி யார்?

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. நெகிரி செம்பிலான் மாநிலத்திலே, சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன். வயது முப்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலவழியே கல்வி பயின்றவனாதலின், தமிழை வீட்டிற் கேட்டும், பின்னர் சொந்த முயற்சியால் எழுத்துக்கூட்டிப் படித்தும் அறிந்தவனேயன்றி, புலவர்பால் முறையாகப் பாடங்கேட்டவனல்லன். இதனை முன்னதாகவே சொல்லிவிடுவது நேர்மை; ஏனெனில், நான் எழுதப் புகுந்திருப்பது அகராதியைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, என் தொழிலுக்குத் தமிழ் அகராதியில் என்ன பொருள் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை எனக்குப் பிறந்தது. கைக்குக் கிடைத்த பழைய அகராதி ஒன்றைப் புரட்டினேன். 'கிராணி' என்ற சொல்லும் இருந்தது. அதற்கு நேரே எழுதியிருந்த பொருளோ, நாட்பட்ட வயிற்றுக்கழிச்சல்! தோட்டத்து மக்களுட் பலர் கிராணிகளைப்பற்றி மனத்துக்குள் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள் போலும் என்று முதலிற் சிரித்தேன். பிறகு சிந்தித்தேன். அகராதி பிழையன்று; என் தேட்டந்தான் அரைகுறையானது. வைத்திய நூல்களில் வரும் கிராணி, 'கிரஹணி' என்னும் வடசொல்லின் திரிபு. கணக்கெழுதும் கிராணி வேறு. ஹென்றி யூல், பர்னெல் என்னும் இரு ஆங்கிலேயர் தொகுத்து 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியத்தில் அவன் இருக்கிறான். வங்காளத்துக் கச்சேரிகளில் ஆங்கிலம் எழுதிய குமாஸ்தாவை அப்பெயரால் அழைத்தனர் என்றும், 'கரண' என்னும் வடசொல்லோடு அது தொடர்புடையது என்றும் அந்நூல் கூறுகின்றது. மலாயிலே 'கெரானி' என்று இன்றும் அது அலுவலகந்தோறும் வழங்குகிறது. ஓசை ஒன்று, பிறப்பு இரண்டு. இத்தகைய சொற்களை அகராதிக்காரர் ஒரே தலைப்பில் அடைத்து வைப்பதில்லை. தலைக்குமேல் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டுத் தனித்தனிச் சொற்களாகவே நிறுத்துகின்றனர்.

இந்தச் சிறு சிக்கல் என்னை ஒரு பெரிய கேள்விக்கு இழுத்துச் சென்றது. ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள், இதனை இப்படித்தான் ஒலிக்கவேண்டும் என்று அகராதி செய்வோர் எதனைக்கொண்டு முடிவு கட்டுகின்றனர்? நியாயஸ்தலத்திலே ஒரு வழக்கிற்குச் சாட்சி வேண்டும். சொல்லுக்குச் சாட்சி யார்?

முற்காலத்துத் தமிழருக்குத் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளாலானவை; மாணாக்கன் நெட்டுருப்பண்ண வேண்டியவை. ஆசிரியர் சொன்னார் என்பதே அங்குச் சாட்சி. 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதியாகச் சதுரகராதியை இயற்றி, சொல்லை அகரவரிசையிலே தேடிக் காணும் வழியைத் திறந்தார். 1862-ல் வின்சுலோ பாதிரியாரின் தமிழ்-ஆங்கில அகராதி 67,000-க்கு மேற்பட்ட சொற்களோடு சென்னையில் வெளிவந்தது. அதற்கான தொகுப்பு வேலை யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் முதலிய பாதிரிமார் காலத்திலேயே தொடங்கியிருந்தது. இவற்றுக்கெல்லாம் பின்னர் வந்ததே சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி. 1913-ஆம் ஆண்டில் சாந்த்லர் பாதிரியார் தலைமையில் வேலை தொடங்கிற்று. முதற்பகுதி 1924-ல் அச்சேறியது. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து, 1936-ல் ஆறு தொகுதிகளையும் முடித்தார். 1939-ல் அநுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள்! இன்று அது கணிப்பொறியிலும் ஏறி, கைப்பேசி வைத்திருக்கும் எவர்க்கும் உள்ளங்கையில் கிடைக்கிறது.

அவர்கள் வேலை செய்த முறை கவனிக்கத்தக்கது. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், அது ஆளப்பட்ட இடங்களை நூல்களிலிருந்து திரட்டுவர். ஒவ்வோரிடத்தும் அது எந்தப் பொருளைத் தருகிறது என்று பிரிப்பர். ஒத்த பொருளுடையவற்றை ஒரு கட்டாகவும், வேறுபட்டவற்றை வேறு கட்டாகவும் வைப்பர். பின்பு, தாம் எழுதிய விளக்கத்தைச் சொல் நின்ற இடத்தில் நிறுத்தி வாசித்துப் பார்ப்பர்; வாக்கியம் தடையின்றி ஓடினால் விளக்கம் சரி, இடறினால் திருத்தவேண்டும். அதன்பின் பொருள்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி, நூலின் பெயரையும் இடத்தையும் சாட்சியாகக் குறிப்பர். சொல் பேச்சிலே மாத்திரம் வழங்குவதாயின் உலகவழக்கு என்றும், யாழ்ப்பாணத்தில் வழங்குவதாயின் அவ்வூர் வழக்கு என்றும் அடையாளமிடுவர். தெலுங்கு, கன்னடம், மலையாளத்தில் அதன் உறவுச்சொல் உண்டா என்று பார்ப்பர். ஒலியைக் காட்ட உரோம எழுத்திலும் பெயர்த்தெழுதுவர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பேரகராதியின் உரோம எழுத்து, தமிழ் எழுத்தைக் காட்டுமேயன்றி வாய் ஒலியைக் காட்டாது. 'காகம்' என்பதில் முதற் ககரம் வன்மையாகவும், இரண்டாவது மென்மையாகவும் ஒலிக்கின்றன. எழுத்தோ இரண்டிற்கும் ஒன்றே. தமிழ்ச்சொல் ஆயின், இடம் நோக்கி ஒலி மாறும் விதி நம் நாவுக்குத் தெரியும். அயற்சொல் வந்து புகுந்தால் அந்த விதி கைகொடாது. அப்போது அகராதி செய்பவர் என்ன செய்யவேண்டும்? சொல்லுகிறவனுடைய வாயருகே காதை வைக்கவேண்டும். வேறு வழி இல்லை.

ஆங்கிலேயர் தம் பேரகராதிக்கு ஊரையே துணைக்கழைத்தனர். ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே 1879-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். படிக்கும் நூலில் கருத்தைக் கவரும் சொல் வந்தால், அதனை ஒரு சீட்டில் எழுதி, அது வரும் வாக்கியத்தையும், நூலின் பெயரையும், பக்கத்தையும் குறித்து அனுப்புக என்பதே அவ்வேண்டுகோள். லட்சக்கணக்கான சீட்டுகள் வந்து குவிந்தன. முதற்பகுதி 1884-ல் வெளிவந்து, கடைசிப் பகுதி 1928-ல்தான் முடிந்தது. மரே 1915-லேயே மறைந்துவிட்டார். சீட்டெழுதியவர்களுட் பெரும்பாலோர் பெரிய பண்டிதர்களல்லர். படிக்கத் தெரிந்த சாதாரண மனிதர்.

இவ்வளவும் படித்தபின் என் மனத்தில் ஓர் உறுத்தல் எழுந்தது. சீட்டுக்கு நூல் வேண்டும். நூலிலே சொல் ஏறியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தோட்டத்துச் சொற்கள் எந்த நூலில் ஏறின? காலை நான்கு மணிக்கு எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்த பெண்கள் பேசிய பேச்சுக்கு, எந்தப் புலவர் உரை எழுதினார்?

இந்த மாநிலத்துக்கே உரிய ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1910-ஆம் ஆண்டை ஒட்டி நெகிரி செம்பிலானில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஆர். ஜே. வில்கின்சன். மலாய்-ஆங்கில அகராதியை அதற்கு முன்பே, 1901 முதல் 1903 வரை வெளியிட்டவர் அவர். பின்னர் அதனை மேலும் விரித்து, 1932-ல் கிரேக்க நாட்டிலிருந்து பதிப்பித்தார். சிரம்பானில் அமர்ந்து அரசாண்ட ஒருவர், மலாய் மக்களின் செடிக்கும் மீனுக்கும் பழமொழிக்கும் ஏட்டில் இடந்தேடிக் கொடுத்தார். பின்னர் 1956-ல் அமைந்த டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா, 1970-ல் தன் சொந்த அகராதியையும் வெளியிட்டது. அது நல்ல காரியம்; பொறாமைக்கு இடமில்லை. அதே மண்ணில், அதே காலத்தில், இரப்பர்க் காடுகளில் முளைத்த தமிழ்ச்சொற்களுக்கு அப்படி ஒருவர் வந்து உட்காரவில்லை என்பதே என் வருத்தம். சென்னையிலே க்ரியா பதிப்பகம் 1992-ல் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி, இக்கால எழுத்துக்களையே சாட்சியாகக் கொண்டது. 2008-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இலங்கைத் தமிழ் வழக்குகளுக்கும் இடங்கொடுத்தது. இலங்கையர் தம் சொற்களை எழுதி வைத்திருந்தனர். ஆகவே கேட்டபோது கொடுக்க முடிந்தது. நம்மைக் கேட்டால் நாம் எதனை எடுத்து நீட்டுவோம்?

ஆகையால் நானே சீட்டெழுதத் துணிந்தேன். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய படிவங்களின் பின்புறத்தை நான்காக வெட்டிக்கொண்டேன். எங்கள் தோட்டத்துப் பால்மரங்கள் நான் சிறுவனாயிருந்தபோதே சாய்க்கப்பட்டு, செம்பனை ஊன்றப்பட்டுவிட்டது. இன்று குலை அறுப்பவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். லயத்து வீடுகளில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்றில் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி இருந்தார்கள். பத்து வயதில் தாயோடு காட்டுக்குப் போனவர்கள். அவர்களே என் சாட்சியானார்கள்.

முதல் சீட்டிலேயே அடிபட்டேன். 'மரம் வெட்டுதல்' என்று எழுதினேன். தமிழ்நாட்டில் மரம் வெட்டுவது என்றால் மரத்தை வீழ்த்துவது. நம் தோட்டங்களிலோ பால் எடுப்பது. "பாட்டி முப்பது வருஷம் மரம் வெட்டினார்கள்" என்று நான் எழுதினால், சென்னையிலுள்ள ஒருவர் அவர் ஒரு காட்டையே அழித்துவிட்டார் என்றல்லவா எண்ணுவார்? எனவே, "மரத்தைக் கத்தியால் வெட்டிப் பால் எடுத்தல்" என்று விளக்கம் எழுதிப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்படி எழுதாதீங்க ஐயா" என்றார்கள். "மரத்தை எங்க வெட்டுனோம்? பட்டையைச் சீவுனோம். கத்தி உள்ள போயி மரத்துல காயம் பட்டுச்சுன்னா, மறுபடி அங்க பட்டை நல்லா வளராது. துரை பாத்தா அன்னிக்குத் திட்டுதான். காயம் படாம வெட்டுறதுதான் வெட்டு."

சீட்டைக் கிழித்தேன். "பால்மரத்தின் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவி, உள்மரத்தில் காயம்படாதபடி பாலை வடியச்செய்தல்" என்று புதிதாக எழுதினேன். தொழிலின் திறமை முழுவதும் அந்தக் 'காயம்படாதபடி' என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. நான் எழுதிய முதல் விளக்கம் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் அது மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவன் எழுதிய விளக்கம்.

இரண்டாவது, 'ஒட்டுப்பால்'. "உலர்ந்த பால்" என்று எழுதினேன். அதற்கும் திருத்தம் வந்தது. வெட்டுக்கோட்டிலே ஒட்டிக்கொண்டு நாடாப்போல் உலர்ந்ததே ஒட்டுப்பால் என்றும், மங்கிலே தேங்கி உறைந்தது கட்டிப்பால் என்றும், இரண்டையும் வேறுவேறாக நிறுத்து வேறுவேறு விலை போட்டார்கள் என்றும் பாட்டி சொன்னார்கள். பின்னர் விசாரித்ததில், கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் இரப்பர் பயிரிடுவோரிடையே ஒட்டுப்பால் என்ற சொல் வழங்குகிறது என்றும், அங்கே மங்கில் உறைந்ததையும் அதில் சேர்த்துக்கொள்வர் என்றும் அறிந்தேன். ஆகவே பொருளை எழுதினால் மாத்திரம் போதாது; எந்த ஊரில், யார் வாயில் என்று எழுதவேண்டும். ஊர்க்குறிப்பு இல்லாத சீட்டு, முகவரி இல்லாத கடிதம் போன்றது.

மூன்றாவது சீட்டில் நான் பட்ட நாணம் பெரிது. விடியற்காலையில் வேலையாட்கள் வரிசையாய் நின்று பெயர் கொடுப்பதை நம்மவர் 'பெரட்டு' என்பார்கள். நிற்கும் இடம் பெரட்டுக்களம். நான் சற்றே படித்தவனல்லவா? பேச்சுத்தமிழில் 'இடம்' என்பது 'எடம்' என்றும், 'விலை' என்பது 'வெலை' என்றும் திரிவதை அறிவேன். ஆகவே 'பெரட்டு' என்பதும் 'பிரட்டு' என்பதன் திரிபே என்று முடிவு கட்டினேன். பிரட்டுவதும் புரட்டுவதும் ஒன்றே. ஆட்களை இங்குமங்கும் புரட்டி வெவ்வேறு காட்டுக்கு அனுப்பும் இடமாதலின் புரட்டுக்களம் என்று பெயர் வந்தது என ஒரு காரணமும் கண்டுபிடித்து, அதனைப் பெருமையோடு படித்தும் காட்டினேன்.

பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்கள். "புரட்டா? அதுவும் நெசந்தான் ஐயா. எத்தனை நாள் வேலைக்கு வந்தும் பேரு இல்லேன்னு எழுதியிருக்காங்க! ஆனா நாங்க சொல்றது பெரட்டு. பெரட்டுன்னா நிக்கிறது, புரட்டுறது இல்ல."

நான் திகைத்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப்பற்றிய எழுத்துக்களைத் தேடினேன். அங்கும் பெரட்டு, பெரட்டுக்களம் என்றே இருக்கிறது, பொருளும் அதுவே. கடலுக்கு இருபுறமும் உள்ள தோட்டங்களில் ஒரே சொல், ஒரே பொருளில், ஒரே ஒலியோடு வழங்குமானால், இரண்டிற்கும் பொதுவாயிருந்த ஒன்றிலிருந்து அது வந்திருத்தல் வேண்டும். பொதுவாயிருந்தவர்கள் ஆங்கிலத் துரைமார். 'பரேடு' என்னும் அவர்களுடைய சொல்லே பெரட்டு ஆயிற்று என்று பலரும் கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது. பாட்டியின் எகரம் கொச்சையன்று. அதுவே மெய்யான ஒலி. என்னுடைய இலக்கணத் திருத்தந்தான் புரட்டு! படித்தவன் காதால் கேளாமல் விதியால் திருத்தப் புகும்போது, அழிந்துபோவது சொல்லின் பிறப்புச் சான்று.

இப்படியே 'காண்டா'வும். தோளில் கழியை வைத்து இருபுறமும் பால்வாளி தூக்குவதைக் காண்டா என்பர். 'காவடி'யிலிருந்து வந்ததென்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் மலாயில் 'கண்டார்' என்றால் தோளிற் கழியிட்டுச் சுமத்தல். நாசி கண்டார் உண்ணாதவர் நம்மில் யார்? 'கித்தா'வும் மலாய்ச் சொல்லாகிய 'கெத்தா'வே. தமிழ்நாட்டார் காதில் விழுந்தால் கித்தான் துணி என்று எண்ணிவிடக்கூடும். மலாயில் மென்மையாகத் தொடங்கும் அச்சொல், நம் கிழவர் வாயில் வன்ககரமாகவே தொடங்குகிறது. இதனை எந்த எழுத்தும் எனக்குச் சொல்லவில்லை. மூவரை மும்முறை சொல்லச்செய்து கேட்டே குறித்தேன்.

ஒலியைச் சரிபார்ப்பது புலவர்க்குரிய பொழுதுபோக்கு என்று யாரேனும் எண்ணினால், அவருக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்தப் பாட்டியின் பெயரே ஒருகாலத்தில் தவறாக எழுதப்பட்டது. அடையாள அட்டையில் ஒருவிதம். அவர்கள் முன்னாளில் வேலை செய்த ஒரு தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் வேறுவிதம். நம் குறிலும் நெடிலும், நம் லகர ளகர ழகரமும் உரோம எழுத்திலே ஒன்றோடொன்று குழம்புவது எல்லோரும் அறிந்ததே. ஓர் எழுத்து மிகுந்ததும், ஓர் எழுத்துக் குறைந்ததும் சேர்ந்து அவர்களை இரண்டு பெண்களாக்கிவிட்டன. முதுமையில் தமக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "இந்தப் பெயருடையவர் நீங்கள்தான் என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்டார்கள். பல மாதங்கள் நடந்து, சத்தியக் கடிதம் எழுதிக் கொடுத்து, கடைசியில்தான் காரியம் முடிந்தது. அந்தச் சத்தியக் கடிதத்தை எழுதியவன் நான். பிழையாக எழுதியவர் என் தொழிலைச் சேர்ந்த யாரோ ஒருவர். அவர் கெட்டவராயிருந்திருக்க வேண்டுமென்பதில்லை. பெரட்டுக்களத்தில் இருட்டிலே நின்று, காதில் விழுந்ததை அவசரமாய் எழுதியிருப்பார். "அம்மா, மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்" என்று அவர் அன்று கேட்டிருந்தால் போதும்.

கிராணியின் பதிவேடும் ஓர் அகராதிதான். வித்தியாசம் என்னவென்றால், அகராதியில் பிழை நேர்ந்தால் சொல் துன்பப்படுகிறது. பதிவேட்டில் பிழை நேர்ந்தால் மனிதர் துன்பப்படுகின்றனர். சில சமயங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுவதும் உண்டு. அதற்கு உதாரணம், 'கூலி' என்னும் சொல்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, உடன் படித்த சில பையன்கள் அச்சொல்லை ஆங்கிலத்தில் என்மேல் எறிந்ததுண்டு. என் பாட்டனாரும் பாட்டியாரும் பால்மரம் வெட்டியவர்கள் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தேன். அது ஆங்கில அகராதி. கூலி என்பது ஆள் என்றிருந்தது. அழுக்கு வேலை செய்யும் கீழைநாட்டு ஆள். அகராதியே சொல்லிவிட்டது, இனி யாரிடம் முறையிடுவது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

அகராதி செய்வோருக்கே அச்சொல்லில் ஐயம் உண்டென்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். ஹாப்சன்-ஜாப்சன் அதனைக் கூர்ஜரத்தில் வாழும் 'கோலி' என்னும் வகுப்பாரின் பெயரோடு இணைத்துப் பார்க்கிறது. ஊதியம் எனப் பொருள்படும் தமிழ்க் 'கூலி'யையும் கூடவே நிறுத்துகிறது. இரண்டும் கலந்திருக்கலாம் என்பது பிற்காலத்தார் பலருடைய எண்ணம். ஆனால் தமிழிலே அச்சொல்லின் பழைய நிலை என்ன? திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மெய்வருந்தி முயன்றவனுக்கு முயற்சி தரும் பயன் என்னும் உயர்ந்த பொருளிலே அங்கே 'கூலி' வீற்றிருக்கிறது. தமிழில் கூலி பெறுபவன் கூலியாள், கூலிக்காரன்; கூலி என்பது அவன் பெறுவது. துரைமாரின் கணக்கேட்டிலோ பெறுபவன் மறைந்துபோய், பெறப்படுவதே ஆளாக நின்றது. ஆகுபெயர் என்று இலக்கணம் இதற்கு அமைதி கூறும். அமைதி கூறலாம்; ஆனால் அந்த ஆகுபெயரைச் சுமந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் மாலை பாட்டியிடம் இந்தச் சொல்லையும் கேட்டேன். விளக்கம் ஒன்றும் நான் படித்துக் காட்டவில்லை. "பாட்டி, கூலின்னா என்ன?" என்று மாத்திரம் கேட்டேன். வழக்கமாக என்னை ஐயா என்பவர்கள், அன்று வேறுவிதமாய் விளித்தார்கள்.

"கூலின்னா நாம வாங்குறது தம்பி; நாம இல்ல."

இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை. அப்படியே சீட்டில் எழுதினேன். இன்றைய ஆங்கில அகராதிகள் அச்சொல்லுக்கு நேரே, இது பழைய வழக்கு, இழிவுபடுத்தும் சொல் என்று குறிப்பிடுகின்றன. அந்தக் குறிப்பு சும்மா வந்துவிடவில்லை. அச்சொல்லால் அழைக்கப்பட்டவர்கள் வாய்திறந்து மறுத்தபின்பே வந்தது. பொருள் திருந்தியது பதிப்பாசிரியருடைய மேசைமேல். திருத்தியவர்கள் வெளியே நின்ற சாட்சிகள்.

நேயர்களே! பேரகராதி செய்வது என்னால் ஆகக்கூடியதன்று; உங்களுட் பெரும்பாலோராலும் ஆகக்கூடியதன்று. ஆனால் சீட்டெழுத யாராலும் முடியும். தோட்டத்தில் இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுச் சிரம்பான், தம்பின், பகாவ் முதலிய பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும் தத்தம் வீட்டுக் கிழவர் கிழவிகளிடம் அமருங்கள். சடக்கு, மங்கு, நிரை, பசியாறுதல் என்று எந்தச் சொல் வாயில் வந்தாலும் அதனை அவர்கள் சொன்ன வாக்கியத்தோடு எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டை ஒட்டிய வழக்கு என்று குறியுங்கள். உங்கள் விளக்கத்தை அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் தலையசைத்தபின் மையிடுங்கள். கைப்பேசி இருக்கிறதே! அவர்கள் குரலையும் அதிலே பதிந்து வையுங்கள். வில்கின்சனுக்கும் மரேக்கும் கிடைக்காத வசதி அது. நூலாதாரம் இல்லையே என்று அஞ்சவேண்டாம். நாளைக்கு நூலாதாரம் ஆகப்போவது அந்தச் சீட்டே.

பாட்டி சென்ற ஆண்டு மகனோடு சிரம்பானுக்குப் போய்விட்டார்கள். என்னிடம் இருநூற்றுக்குச் சற்று மேற்பட்ட சீட்டுகள் இருக்கின்றன. அவற்றுட் பாதிக்கு ஒரே ஒரு சாட்சிதான். அது போதாது என்பதை நான் அறிவேன்; வேறு தோட்டத்தாரைக் கண்டு ஒப்புநோக்க வேண்டும்.

இதற்கிடையில் என் வேலையிலும் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. சென்ற மாதம் வங்காள தேசத்திலிருந்து புதிதாய்ச் சிலர் வந்து சேர்ந்தனர். காலைப் பெரட்டில் ஒவ்வொருவராய் வந்து பெயர் சொன்னார்கள். ஓர் இளைஞனுடைய பெயர் என் காதுக்குப் பிடிபடவில்லை. முன்னாளாயின், ஏதோ ஒன்றை எழுதி அடுத்த ஆளை அழைத்திருப்பேன். இப்போது எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, மலாயில், "மறுபடி சொல்லு தம்பி" என்றேன். அவன் சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டி, என் நாவைத் திருத்தினான். மூன்றாம் முறை சொல்லியபோது சிரித்தான். அதன் பிறகே எழுதினேன்.